ஒரே விளக்கில் தொடங்குங்கள்: வீடியோ ஒளியமைப்பின் அடிப்படைகள்

கேமராவை ஓரளவு கையாளக் கற்றுக்கொண்டவர்கள் ஒளியமைப்பின் பக்கம் வந்ததும் முதலில் கேள்விப்படுவது மூன்று விளக்கு முறை. முகத்துக்கு ஒரு கீ லைட், நிழலைக் குறைக்க ஒரு ஃபில் லைட், தலைக்கும் தோளுக்கும் பின்னாலிருந்து ஒரு பேக் லைட். வரைபடத்தில் பார்த்தால் மிக எளிது. அதே வரைபடத்தை அறையில் நிறுத்தி மூன்று விளக்கையும் முழு வெளிச்சத்தில் எரியவிட்டால் முகம் தட்டையாகிவிடும், சுவரில் இரண்டு நிழல் விழும், தலைமுடி மட்டும் வெளுத்துப்போய் நிற்கும். முறையில் குறையில்லை. கற்கும் வரிசைதான் தலைகீழாகிவிட்டது. கீ லைட் தீர்க்காமல் விட்டதைத் தீர்க்கத்தான் மற்ற இரண்டும் வருகின்றன. கீ லைட் எதைச் செய்தது, எதை விட்டது என்று கண்ணுக்குத் தெரியாதவரை அவற்றை எங்கே, எவ்வளவு வைப்பது என்று முடிவெடுக்கவே முடியாது.

ஆகவே ஒரே விளக்கை வைத்துத் தொடங்குவதுதான் சரி. ஒரு விளக்கைப் பொறுத்தவரை நம் கையில் இருப்பவை: அது எந்தத் திசையிலிருந்து வருகிறது, முகத்துக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன நிறம். எவ்வளவு பிரகாசம் என்பதும் உண்டுதான். ஆனால் அதைப் பெரும்பாலும் கேமராவின் அபெர்ச்சரிலோ ஐ.எஸ்.ஓ.விலோ சரிக்கட்டிவிடலாம். மற்றவற்றைக் கேமராவால் மாற்ற முடியாது. நிறத்தைக்கூட ஓரளவுக்குத்தான் மாற்ற முடியும்.

மூக்கின் நிழல்

திசையைக் கற்க ஒரு பயிற்சி போதும். அறையின் எல்லா விளக்குகளையும் அணைத்து, திரைச்சீலைகளை மூடிவிடுங்கள். ஒருவரைச் சுவரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி நாற்காலியில் உட்காரவையுங்கள். கேமராவில் ஐ.எஸ்.ஓ., அபெர்ச்சர், ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் அனைத்தையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் விளக்கை நகர்த்தும்போதெல்லாம் கேமரா தானாக ஈடுகட்டிவிடும். என்ன மாறியது என்றே தெரியாது. ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை முகத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் பிடித்து, அந்தத் தூரம் மாறாமல் முகத்தைச் சுற்றி நகர்த்திக்கொண்டே பதிவு செய்யுங்கள்.

பார்க்க வேண்டியது மூக்கின் நிழலை. சூரியக் கடிகாரத்தின் முள்ளைப் போல, ஒளி எங்கே நிற்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். விளக்கு லென்ஸை ஒட்டி, கண் மட்டத்தில் இருந்தால் மூக்குக்கு நிழலே தெரியாது. முகம் அடையாள அட்டைப் படம்போல் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் 45 டிகிரி நகர்த்தி, கண் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய அதே கோணத்துக்கு உயர்த்தினால், நிழல் மறுபக்க உதட்டோரத்தை நோக்கிச் சாயும். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் மூக்கின் நிழலும் கன்னத்தின் நிழலும் சேர்ந்து, இருண்ட பக்கக் கண்ணின் கீழே ஒரு சிறு ஒளி முக்கோணம் மட்டும் மிஞ்சும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் இந்த ஒளியமைப்பை அழைக்கிறார்கள். 90 டிகிரியில் முகம் சரிபாதியாகப் பிளந்து நிற்கும். அதையும் தாண்டிப் பின்னால் போனால் கன்னத்தின் ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் இருக்கும்.

உயரத்துக்கும் இதே கணக்குத்தான். மூக்கின் நிழல் மேலுதட்டைத் தொட்டுவிட்டால் விளக்கு தேவைக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அந்த நிலையில் கண்குழிகளும் இருண்டுபோய், கண்ணில் விளக்கின் பிரதிபலிப்பு காணாமல் போகும். அந்தப் பிரதிபலிப்பு, கருவிழியின் மேல்பகுதியில் கடிகாரத்தின் 10 மணிக்கோ 2 மணிக்கோ உள்ள இடத்தில் இருந்தால் கண்ணுக்கு உயிர் வரும். அது இல்லாத கண், நடிப்பவர் என்ன உணர்ச்சியைக் காட்டினாலும் வெறுமையாகத் தெரியும். கண்கள் ஆழமாக அமைந்தவர்களுக்கு 45 டிகிரி என்ற சூத்திரத்தை மறந்துவிட்டு, பிரதிபலிப்பு தெரியும்வரை விளக்கை இறக்குங்கள். கண் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் மட்டும் தாடையின் நிழல் மேல்நோக்கி ஏறி, பேய்ப்படத் தோற்றம் வந்துவிடும்.

திசையில் இன்னொரு முடிவும் உண்டு: கேமராவுக்கு அருகிலுள்ள கன்னத்தில் ஒளியா, தள்ளியுள்ள கன்னத்தில் ஒளியா? நேர்காணலில் பேசுபவர் கேமராவைப் பார்க்காமல், சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் கேள்வி கேட்பவரைப் பார்ப்பார். கேள்வி கேட்பவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலேயே, அவரையும் தாண்டி கீ லைட்டை வையுங்கள். கேமரா, கேள்வி கேட்பவர், கீ லைட் என்ற வரிசை வரவேண்டும். அப்போது கேமராவுக்கு முகத்தின் நிழல் பக்கம் முன்னால் தெரியும், ஒளி அதற்கு அப்பால் விழும். முகத்துக்கு உருண்டையும் ஆழமும் வருவது இதனால்தான். வரிசையை மாற்றி, கீ லைட்டைக் கேமராவின் மறுபக்கம் வைத்தால் அருகிலுள்ள அகன்ற கன்னம் முழுக்க வெளிச்சமாகி முகம் பெரிதாகவும் தட்டையாகவும் தோன்றும். புதியவர்களின் நேர்காணல்களில் அடிக்கடி காணப்படும் குறை இது. விளக்கை மறுபக்கம் தூக்கி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மென்மை எங்கிருந்து வருகிறது

நிழலின் விளிம்பைப் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் கடினமான ஒளி. இருளிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாக மாறினால் மென்மையான ஒளி. இதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: ஒளிமூலம், ஒளி விழும் பொருளின் இடத்திலிருந்து பார்க்கும்போது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருப்பதால் வானத்தில் அரை டிகிரி அளவுதான் தெரிகிறது. அதன் நிழல் கூர்மையாக விழுகிறது. மேகம் மூடியதும் வானம் முழுவதுமே ஒளிமூலமாகிவிடுகிறது. நிழல் ஏறக்குறைய மறைந்தேபோகிறது.

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். முகத்தில் ஒளி ‘உறுத்துகிறது’ என்று தோன்றினால் விளக்கைப் பின்னால் தள்ளுவார்கள். பின்னால் போனால் பிரகாசம் குறையும், உண்மைதான். ஆனால் முகத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு சிறிதாகிவிடுவதால் நிழலின் விளிம்பு இன்னும் கூர்மையாகும். 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் முன் வெள்ளைத் துணி கட்டிய பெட்டி) முகத்திலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கும்போது பெரிய ஜன்னல். 3 மீட்டர் தள்ளிப்போனால் வெறும் ஸ்பாட். மென்மை வேண்டுமென்றால் பக்கத்தில் கொண்டுவந்து, பிரகாசத்தை டிம்மரில் குறையுங்கள். சாஃப்ட்பாக்ஸின் மூலைவிட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் வைத்துத் தொடங்கலாம். பிரேமுக்குள் தெரியாத எல்லை வரை நெருங்குவது பெரும்பாலும் நல்லதே.

சாஃப்ட்பாக்ஸ் இல்லாவிட்டால் ஒரு சட்டத்தில் வெள்ளைத் துணியையோ, ஒளியைச் சிதறடிக்கும் டிஃப்யூஷன் தாளையோ கட்டலாம். படப்பிடிப்புத் தளங்களில் இந்தச் சட்டத்தை ஸ்கிம்மர் என்பார்கள். கட்டியபின் ஒளிமூலம் விளக்கல்ல, அந்தத் துணிதான். ஆனால் துணி முழுவதும் ஒளிர்ந்தால் மட்டுமே. விளக்கைத் துணியை ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு தட்டு அளவுக்குத்தான் ஒளிரும். 4 அடிச் சட்டம் கட்டியும் 1 அடி விளக்கின் மென்மைதான் கிடைக்கும். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது: முகம் இருக்கும் இடத்திலிருந்து மொபைல் கேமராவைத் துணியை நோக்கித் திருப்பி எக்ஸ்போஷரை நன்றாகக் குறையுங்கள். ஓரங்கள் இருட்டாக, நடு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் விளக்கைப் பின்னால் இழுங்கள். தடித்த தாள்கள் ஒளியைத் தின்னும். 216 என்ற எண்ணில் கிடைக்கும் முழு வெள்ளை டிஃப்யூஷன் சுமார் ஒன்றரை ஸ்டாப்பை எடுத்துக்கொள்ளும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). 250 அதில் பாதியளவு எடுக்கும். சிறிய எல்.இ.டி.க்களுடன் வேலை செய்பவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொரு வழி, எதிரொளி. விளக்கை முகத்துக்குத் திருப்பாமல் ஒரு பெரிய தெர்மோகோல் பலகைக்கோ வெள்ளைச் சுவருக்கோ திருப்பி, அங்கிருந்து திரும்பும் ஒளியைப் பயன்படுத்துவது. 1950களில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, ஸ்டுடியோவுக்குள் கட்டப்பட்ட ஒரு முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்து, கீழிருந்து அதில் விளக்குகளை அடித்து, திறந்த வானத்தின் நிழலற்ற பகல் வெளிச்சத்தை உருவாக்கினார். கூரையில்லாத வீட்டுக்குள் வானம் என்ன செய்யுமோ அதை ஒரு துணி செய்தது. கையில் ஒரே ஒரு விளக்கு இருப்பவர்களுக்கும் இந்த உத்தி அப்படியே பொருந்தும். எதிரொளியில் ஒளி நிறைய வீணாகும் என்பதால் விளக்கு மட்டும் சற்று வலுவாக இருக்கட்டும். சுவரின் நிறத்தையும் பாருங்கள். பச்சைச் சுவரில் அடித்தால் பச்சை முகம்தான் திரும்பி வரும்.

மென்மையான ஒளிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, அது எல்லா இடத்துக்கும் பரவும். முகத்துக்கு வைத்த ஒளி பின்சுவரையும் நிரப்பிவிடும். சாஃப்ட்பாக்ஸின் முன்னால் தேன்கூட்டு கிரிட் மாட்டினால் பக்கவாட்டுப் பரவல் குறையும். அல்லது விளக்குக்கும் சுவருக்கும் நடுவே, ஒளியை மறைக்கும் ஒரு கருப்புக் கட்டரை நிறுத்தலாம். மென்மைதான் நல்ல ஒளி, கடினம் கெட்டது என்றும் எண்ண வேண்டாம். மரத்தின் வரிகள், துணியின் நெசவு, வியர்த்த முகம், ஜன்னல் கம்பிகளின் நிழல் ஆகியவற்றுக்குக் கடினமான ஒளிதான் வேண்டும். எல்லாக் காட்சியையும் மென்மையாக்குவது இன்றைய வீடியோக்களின் சலிப்புக்கு ஒரு பெரிய காரணம்.

தூரத்தின் கணக்கு

சிறிய ஒளிமூலத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்பங்காகும். ஸ்டாப் கணக்கில் 2 ஸ்டாப் இழப்பு. 1 மீட்டரிலிருந்து 1.4 மீட்டருக்குப் போனாலே 1 ஸ்டாப் போய்விடும். மிகப் பெரிய சாஃப்ட்பாக்ஸை மிக நெருக்கத்தில் வைக்கும்போதும், ஃப்ரெனல் லென்ஸால் குவித்த ஒளியிலும் இந்தக் கணக்கு சரியாகப் பொருந்தாது. ஒளி இதைவிட மெதுவாகக் குறையும். ஆனாலும் முடிவெடுக்க இது போதும்.

ஒருவர் விளக்கிலிருந்து 1 மீட்டரிலும் பின்சுவர் 3 மீட்டரிலும் இருந்தால் சுவரில் விழுவது ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 3 ஸ்டாப்புக்குச் சற்று மேல் குறைவு. வெள்ளைச் சுவர்கூடச் சாம்பல் நிறமாக இருண்டுவிடும். அதே விளக்கை 2 மீட்டர் பின்னால் நகர்த்துங்கள்: முகம் 3 மீட்டரில், சுவர் 5 மீட்டரில். இப்போது வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்தான்; சுவர் வெளிச்சமாகி முன்னே வந்துவிடும். பின்னணியை இருட்டாக்க இன்னொரு கருவி தேடுவதற்கு முன், விளக்கை முகத்துக்கு நெருக்கி எக்ஸ்போஷரைக் குறைத்துப் பாருங்கள்.

நெருக்கத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. சோபாவில் இருவர் உட்கார்ந்திருக்க, ஒருவர் விளக்கிலிருந்து 1 மீட்டரிலும் மற்றவர் 2 மீட்டரிலும் இருந்தால் இருவருக்கும் 2 ஸ்டாப் வித்தியாசம். ஒருவர் வெளுத்திருப்பார், மற்றவர் இருண்டிருப்பார். விளக்கைப் பின்தள்ளி 3, 4 மீட்டராக்கினால் வித்தியாசம் 1 ஸ்டாப்புக்கும் குறைவு. பேசும்போது முன்னால் சாயும் பழக்கம் உள்ளவர்களிடமும் இதே தொல்லை. 1 மீட்டரில் இருக்கும் விளக்கை நோக்கி 30 சென்டிமீட்டர் சாய்ந்தால் முகத்தின் பிரகாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். விளக்கு 2 மீட்டரில் இருந்தால் அதே அசைவுக்கு அரை ஸ்டாப்தான் மாறும். ஆள் அசையாமல் இருப்பாரா, நடப்பாரா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் விளக்கின் தூரத்தை முடிவு செய்ய வேண்டும். ஒத்திகை பார்க்காமல் ஒளியமைத்தால் டேக்கின் நடுவில்தான் தவறு தெரியவரும்.

நிழலுக்குள் எவ்வளவு இருட்டு

கீ லைட் நின்றபின் முகத்தின் நிழல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே கண் தெரிகிறதா, தோலின் நிறம் தெரிகிறதா, காட்சிக்கு எவ்வளவு தெரிய வேண்டும்? ஃபில் லைட்டின் கேள்வி இவ்வளவுதான். வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் 1 ஸ்டாப் வித்தியாசம் இருந்தால் 2:1 விகிதம். செய்தி, விளம்பரம், பாடம் நடத்தும் வீடியோக்களுக்கு ஏற்றது. 2 ஸ்டாப் என்றால் 4:1. கதைப்படங்களில் சாதாரணமாகக் காணும் அளவு. 3 ஸ்டாப், அதாவது 8:1 ஆனால் காட்சியே இறுக்கமாகிவிடும். லைட் மீட்டர் இல்லாதவர்கள், பிரகாசத்தை அளந்துகாட்டும் கேமராவின் ஃபால்ஸ் கலரிலோ வேவ்ஃபார்மிலோ இரு கன்னங்களையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். கேமராவை லாக் ப்ரொஃபைலில் (பின்னர் நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் முறை) வைத்திருந்தால் வித்தியாசம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஃபில்லுக்கு இரண்டாவது விளக்கு பெரும்பாலும் தேவைப்படாது. நிழல் பக்கத்தில் அரை மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குள் ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தினால் கீ லைட்டின் ஒளியே திரும்பி வந்து நிழலை நிரப்பும். பலகையை முன்னும் பின்னும் நகர்த்தி அளவைச் சரிசெய்யலாம். விளக்கைத்தான் பயன்படுத்துவதென்றால் அது பெரிதாக, மென்மையாக, லென்ஸுக்கு நெருக்கமாக இருக்கட்டும். ஃபில் தனக்கென ஒரு நிழலை உண்டாக்கக் கூடாது. மூக்கின் இருபுறமும் நிழல் தெரிந்தால் ஃபில் கூடிவிட்டது, அல்லது பக்கவாட்டில் அதிகம் போய்விட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு வேலை இருக்கிறது. அதைப் பலர் கற்பதே இல்லை. சிறிய வெள்ளை அறைகளில் ஒரே விளக்கு வைத்தாலும் முகத்தில் நிழல் விழாது. சுவர், கூரை, வெளிர்நிறத் தரை எல்லாமே ஒளியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். ‘ஒரு விளக்குதான் போட்டேன், ஆனாலும் தட்டையாக இருக்கிறதே’ என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுவே. நிழல் பக்கத்தில், பிரேமுக்கு வெளியே எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, 1 மீட்டர் அகலத்துக்கு ஒரு கருப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். கன்னத்தின் ஓரம் உடனே ஆழமாகும், தாடை எலும்பின் கோடு தெரியும். பளபளப்பில்லாத கனமான துணியாக இருக்க வேண்டும்; மின்னும் துணி தானும் ஒளியைத் திருப்பும். ஜன்னலோரம் இயற்கை ஒளியில் எடுக்கும்போதும், மேகமூட்டத்தில் வெளியே எடுக்கும்போதும் இந்தக் கருப்புத் துணி ஒரு விளக்குக்குச் சமம். வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் இரண்டாவது விளக்குக்கு முன் இதைத்தான் எழுத வேண்டும்.

பேக் லைட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருப்பு முடி இருண்ட பின்னணியில் கரைந்துபோனால் அது வேண்டும். பின்னணி ஏற்கெனவே வெளிச்சமாக இருந்தால் வேண்டாம். கீ லைட்டின் அளவுக்குச் சமமாகவோ 1 ஸ்டாப் குறைவாகவோ தொடங்குங்கள். கருப்பு முடி ஒளியை விழுங்கும், நரைத்த முடியும் வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையும் மிகையாகக் காட்டும். மூக்கின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தால் விளக்கு தலைக்கு மேலே மிக முன்னால் வந்துவிட்டது, பின்னால் இழுங்கள். லென்ஸில் ஒளி நேரடியாக அடித்துப் படம் வெளிறினால், லென்ஸின் மேல் நிழல் விழும்படி ஒரு கட்டரை நிறுத்துங்கள்.

நிறம்

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்கிறோம். மெழுகுவத்தி 1900 அளவில், வீட்டில் எரியும் மஞ்சள் பல்பு 2700 முதல் 2800, படப்பிடிப்புக்கான டங்ஸ்டன் விளக்கு 3200, நண்பகல் வெயிலுக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு 5600, வெயில் படாத நிழலில் 7000க்கும் மேல். எண் கூடக்கூட நீலம் கூடும். ஒரே நிறத்தில் எல்லா ஒளியும் இருந்தால் ஒயிட் பேலன்ஸ் சரிசெய்துவிடும். முகத்தின் ஒரு பக்கம் ஜன்னல் ஒளி, மறுபக்கம் மஞ்சள் பல்பு என்றால் எதைச் சரிசெய்தாலும் மற்றது கெடும். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முகத்தின் நடுவே ஓடும் நிற எல்லையைப் பிரிப்பது பெரும்பாடு.

முதல் தீர்வு, அறையின் பல்புகளை அணைப்பது. செலவில்லாத இந்த வழியைத்தான் பலர் மறக்கிறார்கள். அடுத்தது, நம் விளக்கின் நிறத்தை மாற்றுவது. பை-கலர் எல்.இ.டி.யில் ஒரு குமிழைத் திருப்பினால் போதும். டங்ஸ்டன் விளக்கென்றால் அதன் முன் முழு சி.டி.பி. நீல ஜெல், அதாவது நிறத்தாள், போட வேண்டும். அது ஒன்றரை ஸ்டாப்பாவது தின்னும். ஜன்னலில் முழு சி.டி.ஓ. ஆரஞ்சு ஜெல் ஒட்டி வெளிச்சத்தை 3200க்கு இறக்கினால் இழப்பு சுமார் 1 ஸ்டாப்தான் இருக்கும். வேண்டுமென்றே கலப்பதும் உண்டு. கேமராவை 4300க்கு வைத்தால் ஜன்னல் லேசான நீலமாகவும் பின்னால் எரியும் மேசை விளக்கு இதமான மஞ்சளாகவும் வரும். மாலை நேர உணர்வுக்கு இது நன்றாக வேலை செய்யும், முகத்தில் மட்டும் இரண்டும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெல்வின் எண் சரியாக இருந்தும் தோல் மட்டும் சவம்போல் வெளிறித் தெரிந்தால் விளக்கின் தரத்தில்தான் கோளாறு. வெள்ளை எல்.இ.டி.களில் பெரும்பாலானவை நீல எல்.இ.டி.யின் மேல் பாஸ்பர் பூசியவை. மலிவானவற்றில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. மனிதத் தோலுக்கு உயிர் கொடுப்பது அந்தச் சிவப்புத்தான். விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்று சொல்ல, பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் சி.ஆர்.ஐ. எண் வெளிர்நிறங்கள் எட்டின் சராசரி. ஆழ்ந்த சிவப்பான ஆர்9 அந்தச் சராசரியில் சேராது. எனவே சி.ஆர்.ஐ. 95க்கு மேல் என்பதோடு ஆர்9 மதிப்பையும் தேடிப் பாருங்கள். வாங்குமுன் சோதிக்க முடிந்தால், உள்ளங்கையை முதலில் பகல் வெளிச்சத்திலும் பிறகு அந்த விளக்கிலும் கேமரா வழியாகப் பாருங்கள், ஒயிட் பேலன்ஸை இரண்டுக்கும் தனித்தனியாகச் சரிசெய்துகொண்டு. பச்சை சாயல் இருந்தால் மைனஸ் கிரீன் என்ற மெஜந்தா ஜெல் ஓரளவு காப்பாற்றும். இல்லாத சிவப்பை எந்த ஜெல்லாலும் கொடுக்க முடியாது.

ஃப்ளிக்கர்

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் அதில் ஓடும் விளக்குகளில் பல, நொடிக்கு 100 முறை துடிக்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. ஷட்டர் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் கருப்புப் பட்டைகள் உருளும். 50 ஹெர்ட்ஸ் இடங்களில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 1/60 அல்லது 1/120 பாதுகாப்பானவை. ஷட்டரைக் கோணத்தில் வைப்பவர்கள் 24 பிரேமில் 50 ஹெர்ட்ஸுக்கு 172.8 டிகிரி வைத்தால் அது 1/50 ஆகிவிடும்.

சில எல்.இ.டி.களின் டிம்மர் வேறு விதமாகத் தொல்லை தரும். அவை ஒளியைக் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கின்றன. முழு வெளிச்சத்தில் சுத்தமாக இருக்கும் விளக்கு 20 சதவீதத்தில் பட்டை காட்டும். அப்படிப்பட்டதை முழு வெளிச்சத்துக்கு அருகிலேயே வைத்து, டிஃப்யூஷனாலோ தூரத்தாலோ குறையுங்கள். கேமராவின் சிறிய திரையில் பட்டை தெரியாமல் தப்பிவிடும் என்பதால், பிரேமுக்குள் தெரியும் மேசை விளக்கு உட்பட எல்லாவற்றையும் எரியவிட்டுச் சில விநாடி பதிவு செய்து பெரிய திரையில் பாருங்கள்.

தோலும் கண்ணாடியும்

ஜீப்ராவை (குறித்த பிரகாசத்தை எட்டும் இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) 70இல் வைத்து முகத்தின் வெளிச்சமான பகுதியில் கோடுகள் வரும்வரை ஒளியைக் கூட்டு என்ற அறிவுரை வெளுத்த தோலை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. கரிய தோலை அதே எண்ணுக்கு ஏற்றினால் நிறம் கழுவிப்போய்ச் சாம்பல் பூத்துவிடும். சாதாரண வீடியோ ப்ரொஃபைலில் அடர்பழுப்புத் தோலுக்கு 40க்கும் 55க்கும் இடைப்பட்ட எண்களே இயல்பு. அதைவிட முக்கியம், கரிய தோலின் அழகு அது வாங்கும் வெளிச்சத்தைவிட அது பிரதிபலிக்கும் வெளிச்சத்தில் இருக்கிறது. சிறிய விளக்கைக் கூட்டிக்கொண்டே போனால் நெற்றியில் எரியும் புள்ளிதான் பெரிதாகும். பெரிய ஸ்கிம்மரையோ வெள்ளைப் பலகையையோ பக்கவாட்டில் நெருக்கமாக வைத்தால், அந்தப் பரப்பே கன்னத்திலும் தாடையிலும் மென்மையான மினுமினுப்பாகப் பிரதிபலித்து முகத்தின் வடிவத்தை வரையும். அடர்நிற முகமும் வெளிர்நிற முகமும் ஒரே பிரேமில் இருந்தால், வெளிர்நிறத்தவர் பக்கம் விழும் ஒளியை ஒரு வலைத்துணியால் அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறைப்பதே சரியான வழி.

மூக்குக் கண்ணாடியில் விளக்கு தெரிவது வெறும் வடிவியல். படும் கோணமும் மீளும் கோணமும் சமம். முதலில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து எது தெரிகிறது என்று கண்டுபிடியுங்கள். குற்றவாளி பெரும்பாலும் லென்ஸை ஒட்டிய ஃபில். அதை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் வெள்ளைப் பலகை வையுங்கள். கீ லைட்தான் தெரிகிறது என்றால் அதை உயர்த்துங்கள், அல்லது பக்கவாட்டில் இன்னும் தள்ளுங்கள். அதுவும் போதாவிட்டால் கண்ணாடியின் காதுப்பிடியைக் காதிலிருந்து சில மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பிரதிபலிப்பு விலகும். கேமராவுக்கு இது தெரியாது.

நிற்பதும் எரிவதும்

மேலே சொன்ன எதையும் ஸ்டாண்ட் சாய்ந்தால் செய்ய முடியாது. வெவ்வேறு உயரத்தில் மூன்று கால்கள் கொண்ட சி-ஸ்டாண்டின் உயரமான கால் எப்போதும் பாரம் நீண்டிருக்கும் திசையில் இருக்கட்டும், மணல்மூட்டை அந்தக் காலின் மேலேயே விழட்டும். குறுக்குக் கம்பி உங்களுக்கு எதிர்ப்புறம் நீண்டிருக்க, பின்னால் நின்று பார்த்தால் தலைப்பிடியின் குமிழ் வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்போது பாரம் கீழிறங்க முயலும்போதெல்லாம் குமிழ் இன்னும் இறுகும். இடப்பக்கம் வைத்தால் அதே பாரம் அதைத் தளர்த்திவிடும்.

மின்சாரத்துக்கு ஒரே வகுத்தல் போதும்: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் டங்ஸ்டன் விளக்கு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், 120 வோல்ட்டில் 16.7. சாக்கெட்டின் தாங்குதிறனில் 80 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். அறையின் எல்லா சாக்கெட்டும் ஒரே ஃப்யூஸில் இருக்கலாம் என்பதால் வேறொரு சாக்கெட்டில் செருகிவிட்டோம் என்று நிம்மதியடைய வேண்டாம். கேபிள் உருளையை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுற்றியபடியே பாரம் ஏற்றினால் உள்ளே வெப்பம் தேங்கி உறை உருகும். டங்ஸ்டன் ஹாலோஜன் பல்பை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் படிந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகி, கண்ணாடி புடைத்து வெடிக்கும். தொட்டுவிட்டால் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தபின் எரியவிடுங்கள். ஜெல்லையும் டிஃப்யூஷனையும் சூடான விளக்கின் முகத்தில் ஒட்டாமல், அதன் கதவுத் தகடுகளின் வெளிவிளிம்பில் மரக் கிளிப்பால் மாட்டுங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் இந்த விளக்குகளை முதலில் அணைத்துவிட்டு மற்ற பொருட்களை மூட்டை கட்டுங்கள். சூடான இழை சிறு அதிர்விலேயே அறுந்துவிடும் என்பதால் அவை கடைசியாகத்தான் பெட்டிக்குள் போக வேண்டும்.